சாமி விளக்கு லைன்

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர்களையும் அவற்றை இணைக்கிற வயர்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. பேர் பெரிதாக 'நெட்வொர்க் அட்மின்' என்று சம்பளச் சீட்டில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு கேபிள் டி.வி.க்காரர்களோடு மொட்டைமாடி மொட்டைமாடியாக வயர் இழுத்தேன். ஒரு பிரவுசிங் சென்டரில் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே வயர் நுனியில் ஜாக் அடிக்கப் பழகி, பிங் போடப் பழகி, அப்படியே மில்லுக்கு வந்து சேர்ந்தேன். பிங் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எதிரே இருக்கிற மெஷினை 'இருக்கியா?' என்று கூப்பிட்டுப் பார்ப்பது. இருந்தால் பதில் வரும். இல்லாவிட்டால் வராது. என் பிழைப்பே இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான்.

எனக்குப் பிறவியிலேயே பதற்றம் அதிகம். சர்வர் ரூமைப் பூட்டிவிட்டு சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். சில நாள் ரெண்டு தடவை. படித்தவர்கள் தப்புச் செய்தால் 'டெக்னிக்கல் இஷ்யூ' என்பார்கள், நான் செய்தால் 'ஒன்பதாப்பு' என்பார்கள். யாரும் நேரில் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் என் காதில் அது விழுந்துகொண்டே இருக்கும்.

மில்லுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு குடோன் உண்டு. நூல் மூட்டைகள் அங்கே இறங்கும், அங்கிருந்து திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் லாரி ஏறும். லாரி ரோட்டில் போக வேண்டுமானால் இ-வே பில் என்கிற சர்க்கார் சீட்டு வேண்டும். அந்தப் பில் ராஜபாளையத்து சர்வரிலிருந்துதான் வர வேண்டும். லைன் விழுந்தால் பில் இல்லை. பில் இல்லாவிட்டால் லாரி நகராது, டிரைவர்கள் கத்துவார்கள், மானேஜர் போனை எடுப்பார்.

குடோனில் பில் போடுகிற வேலை ஒரு பெண்ணுக்கு. வத்திராயிருப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வீட்டுக்காரர் குஜராத்தில் ஏதோ கம்பெனியில் இருக்கிறார். மாமியாருக்குக் கண் சரியில்லை. மகளையும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பள்ளியில் சேர்த்து, காலையில் கையோடு கூட்டி வந்து சாயங்காலம் கூட்டிப் போவாள். அந்த வேலையைச் சுற்றித்தான் அவள் குடும்பத்தையே வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்.

அவளுக்கும் எனக்கும் போனில்தான் பழக்கம். "அண்ணே, போயிருச்சுண்ணே" என்பாள். "எத்தனை பச்சை லைட் எரியுது?" என்று கேட்பேன். "எல்லாம் எரியுதுண்ணே." "சரி, பாக்கிறேன்." வருஷக்கணக்காக எங்கள் பேச்சு இவ்வளவுதான்.

இந்தக் கதை ஒரு திங்கட்கிழமை மதியம் ஆரம்பித்தது. பன்னிரண்டே முக்கால் இருக்கும்.

"அண்ணே, போயிருச்சு."

பிங் போட்டேன். பதில் இல்லை. வெளியே ஃபைபர் லைன் கொண்டுவருகிற கேபிள்காரர்களைக் கூப்பிட்டேன். குடோன் வாசல் கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, "எங்க பக்கம் லைட் வருதுங்க, உள்ளதான் கோளாறு" என்றார்கள். சர்வர் வேலையை முடித்துவிட்டு பஸ் பிடித்தேன். குடோனுக்குள் நுழையும்போது மணி நாலாகப் பத்து நிமிஷம். மேஜைமேல், கம்ப்யூட்டர் வயர்கள் எல்லாம் வந்து சேருகிற ஸ்விட்ச் பெட்டியைப் பார்த்தேன். மேலே இருந்து வருகிற வயரின் ஓட்டைக்கு நேரே மட்டும் லைட் இல்லை. மற்றதெல்லாம் எரிந்தது. அவள் 'எல்லாம் எரியுது' என்று சொன்னதில் பொய் இல்லை. அந்த ஒன்றைக் கவனிக்க அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவன் நான்.

அந்த வயரின் ஜாக்கை வெட்டிவிட்டு, எட்டு நிறக் கம்பிகளையும் வரிசையாகப் பிரித்து, புது ஜாக் அடித்தேன். பதற்றத்தில் ரெண்டு ஜாக் வீணாயிற்று. மூன்றாவதைச் சொருகினேன். லைட் எரிந்தது. பில் வந்தது. லாரி டிரைவர் ஒருவர், "ஏலே, இதுக்கா நாலு மணி நேரம்?" என்றார். அவர் திட்டியது எனக்குப் பாராட்டு மாதிரி இருந்தது.

மறுநாள் பன்னிரண்டரைக்குத் திரும்ப விழுந்தது.

புதன்கிழமை காலையிலேயே போனேன். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கிற லைனில் கோளாறு தேடுவதைப் போல அலுப்பான வேலை கிடையாது. அந்த வயரையே முழுதாக மாற்றினேன். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினேன். பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. எடுக்காமலே தெரிந்தது.

அந்த வாரம் சனிக்கிழமை வரைக்கும் அப்படித்தான்; மதியம் விழும், சாயங்காலம் தானாகவே வந்துவிடும். அடுத்த வாரம் ஒரு தடவைகூட விழவில்லை. புது வயர்தான் சரிப்படுத்தியது, செட்டாவதற்குக் கொஞ்சம் நாள் ஆயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வயர் செட்டாவதாவது! பயந்தவன் மனசு எதை வேண்டுமானாலும் நம்பும். மானேஜரிடமும் போய், "சரியாயிருச்சு சார்" என்று சொன்னேன். மூன்றாவது வாரம் திங்கட்கிழமை பன்னிரண்டரைக்குத் திரும்ப விழுந்தது.

இதற்குள் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். நிமிஷத்துக்கு ஒரு தரம் குடோனை பிங் செய்து, பதில் நின்ற நேரத்தையும் வந்த நேரத்தையும் எழுதி வைக்கும்படி சர்வரில் ஒரு சின்ன ஃபைல் ஓடவிட்டிருந்தேன். புதன்கிழமை மானேஜர் கூப்பிட்டபோது அதை ஒரு தாளில் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போகப் பயம்.

மானேஜர் அதைக் கண்ணாடி போட்டுப் படித்தார். விழுந்தது 12.36, 12.33, 12.41. வந்தது 3.58, 4.02, 3.55.

"ஏப்பா, இது மெஷின் பண்ணுற வேலையா?"

"தெரியலை சார்."

"மெஷினுக்குப் பசிக்காது. பசிக்கிறது மனுசனுக்கு. சோத்து நேரத்துக்குப் போகுது, காப்பி நேரத்துக்கு வருது. சாப்பிட்டுட்டுத் தூங்குறதுக்கு வயரைப் புடுங்கி விட்டுருது அந்தப் பிள்ளை."

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போன வாரம் விழவே இல்லைன்னியே. அந்தப் பிள்ளை போன வாரம் லீவுதானே? மாமியாருக்குக் கண் ஆபரேசன்னு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஒரு வாரம் போனில் பேசியது வேறொரு கிளார்க்.

"ஆமா சார். விழலை."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் முதுகிலிருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. என் வேலையில் குறை இல்லை, வயரில் குறை இல்லை, ஒன்பதாப்பில் குறை இல்லை. அந்த நிம்மதி சர்வர் ரூம் வரைக்கும்கூட நிற்கவில்லை. "சனிக்கிழமையோட நிறுத்திருவோம். வேற ஆளைப் பாருங்க" என்று மானேஜர் யாரிடமோ போனில் சொல்வது எனக்குப் பின்னால் கேட்டது.

தாளில் இருப்பது பிங் பதில் சொல்லாத நேரம் மட்டும்தான். ஏன் சொல்லவில்லை என்று அதில் இல்லை. அதை எடுத்துக்கொண்டு போய் மேஜைமேல் வைத்தவன் நான். அவள் வயரைப் பிடுங்கியதை யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை சர்வரை விட்டு வர முடியவில்லை. வெள்ளிக்கிழமை, மானேஜரிடம் கேபிள் சரிபார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டேன். லைன் விழும்வரை நகருவதில்லை என்று முடிவு. டிபன் பாக்ஸும் கையோடு இருந்தது.

அவள் என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கொஞ்ச நேரம் டைப் அடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணே, நான் வயரப் புடுங்குறேன்னு மானேஜர் சொல்றாராமே?"

"யார் சொன்னா?"

"லோடு ஏத்துற அண்ணன்மார் எல்லாருக்கும் தெரியுது. எனக்குத்தான் கடைசியாத் தெரியுது. நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலைம்மா."

அது உண்மைதான். அதுதான் நான் செய்த தப்பும்.

"எனக்கு எந்த வயரு எங்க போகுதுன்னே தெரியாதுண்ணே. புடுங்குனா எனக்குத்தான திட்டு? அந்த டிரைவருமாரு பேசுற பேச்சக் காது குடுத்துக் கேக்க முடியுமா? அதுக்கு நானே வழி பண்ணுவேனா?"

அவள் லீவு போட்ட வாரத்தைப் பற்றிக் கேட்டேன். கண் ஆபரேஷன் மதுரையில் நடந்ததாகச் சொன்னாள். "அவியளுக்கு இப்பப் பார்வை நல்லாத் தெரியுது. சோத்துல கெடக்கிற கல்லைக்கூட எடுத்துக் காட்டுறாவ" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு மேல் நான் ஸ்விட்ச் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஸ்கிரீனில் பிங் ஓடிக்கொண்டிருந்தது. பதில், பதில், பதில். பன்னிரண்டரைக்கு அவள் டிபன் பாக்ஸைத் திறந்தாள். புளிச்சாதம், அவித்த முட்டை. எனக்கு ஒரு கரண்டி வைத்தாள். நானும் என் டப்பாவைத் திறந்தேன். அவள் ரெண்டு கையும் மேஜைமேல் இருந்தன. நான் அதைக் கவனித்துக்கொண்டிருந்தேன் என்பது இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அந்த நேரத்தில் வாட்ச்மேன் உள்ளே வந்தார். மம்சாபுரத்துக்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று முறை. குழாயில் கைகால் கழுவி, துண்டில் துடைத்து, எங்கள் தலைக்கு மேலே சுவரில் இருந்த சாமி மாடத்தின் முன்னால் வந்து நின்றார். கைகூப்பினார். மாடத்துக்குச் சின்னதாக ஒரு மஞ்சள் திரை தைத்துப் போட்டிருந்தார்; அதை இழுத்துவிட்டார். பிறகு பக்கத்தில் இருந்த சுவிட்சைத் தட்டினார். சாமி படத்துக்கு முன்னால் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தது.

ஸ்கிரீனில் பதில் நின்றது.

என் கையில் சோறு இருந்தது. அது எவ்வளவு நேரம் அப்படியே இருந்தது என்று தெரியாது.

ஏனென்றால் அந்த விளக்கு லைனில் அடாப்டரைச் சொருகியவன் நான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. வெளியிலிருந்து வருகிற ஃபைபரை வயராக மாற்றித் தருகிற கன்வெர்ட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. தீப்பெட்டிகள் நாலைந்தை அடுக்கினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். அதன் அடாப்டர் முதலில் மேஜைக்குக் கீழே யு.பி.எஸ்.ஸில் இருந்தது. லோடு ஏற்றுகிறவர்கள் அதைப் பிடுங்கிவிட்டு போன் சார்ஜ் போடுவார்கள். 'கழற்றாதீர்' என்று எழுதி ஒட்டினேன். அதன்மேல் ஒரு துண்டைக் காயப்போட்டார்கள். அந்தக் கட்டடத்தில் எந்த சுவிட்சையும் யாரும் அணைப்பார்கள், எந்த ப்ளக்கையும் யாரும் பிடுங்குவார்கள். ஒன்றே ஒன்றைத் தவிர. முதலாளியின் அம்மா உத்தரவு, சாமி விளக்கு எந்நேரமும் எரிய வேண்டும் என்று. கரண்ட் போனாலும் அணையக் கூடாது என்பதற்காக அதை இன்வெர்ட்டரில் சேர்த்திருந்தார்கள். தெற்கத்தி ஊரில் சாமி விளக்கை எவன் அணைப்பான்? கன்வெர்ட்டரை மாடத்துக்குப் பின்பக்கம் பலகையில் வைத்து, அடாப்டரை அந்த லைனில் போட்டேன். ரெண்டு வருஷம் ஒரு நாள்கூட அது நிற்கவில்லை. என் வாழ்க்கையில் நான் பதறாமல் விட்ட ஒரே ப்ளக் அதுதான். அதனால்தான் அதை ஒரு தரம்கூட நான் சோதிக்கவில்லை. ஜாக்கை வெட்டினேன், வயரை மாற்றினேன், ஒரு பெண்ணைச் சந்தேகப்பட விட்டேன். ஏணி போட்டு ஏறி அங்கே மட்டும் பார்க்கவில்லை.

"அய்யா, இப்ப என்ன பண்ணுனீங்க?"

"என்ன பண்ணுனேன்? நடை சாத்துனேன்."

"எதுக்கு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஊருப்பா நீ? பெரிய கோயில்ல மத்தியானம் நடை தொறந்தா கெடக்கு? சாமியும் செத்த நேரம் படுக்க வேண்டாமா? நாலு மணி வாக்குல தொறந்து விட்டுருவேன்."

"விளக்கு...?"

"தூங்குற ஆளு மூஞ்சியில லைட்டப் போட்டு வைப்பியோ நீ? பட்டாளத்துல நாங்க அதுக்கே சண்டை போடுவோம்."

முதலில் அவள்தான் சிரித்தாள். விக்கல் எடுக்கிற அளவுக்குச் சிரித்தாள். "அய்யா, உங்க சாமி தூங்குனதுக்கு என்னைய வீட்டுக்கு அனுப்பப் பாக்காங்க" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாட்ச்மேன் ஒன்றும் விளங்காமல், "நான் என்னம்மா பண்ணேன்? கும்பிடத்தான செஞ்சேன்?" என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

அவர்மேல் தப்பு இல்லை. அவள்மேலும் இல்லை. முதல் நாள் நான் மூன்றாவது ஜாக்கைச் சொருகியபோது, என் முதுகுக்குப் பின்னால் அவர் திரையை விலக்கி சுவிட்சைப் போட்டிருக்கிறார். நான் குனிந்தபடி என் கைவேலையை மெச்சிக்கொண்டிருந்தேன். நடுவில் விழாத வாரம் அவருக்கு ராத்திரி முறை. அவள் லீவும் அதே வாரத்தில் வந்து விழுந்தது.

ஏணி போட்டு ஏறி, அடாப்டரைக் கழற்றி, கன்வெர்ட்டரோடு கீழே இறக்கி, யு.பி.எஸ்.ஸில் போட்டேன். பதில் வந்தது. போனைக் கையில் எடுத்துக்கொண்டு குடோனுக்கு வெளியே போனேன். மானேஜரிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். 'பவர் பாயின்ட் கோளாறு சார், சரி பண்ணிட்டேன்' என்று சொன்னால் அது பொய்யில்லை. அதைச் சொல்லிவிட்டு நான் தப்பிக்கலாம். ஆனால் அதைக் கேட்டுவிட்டு அவர், 'பாயின்ட்டை அணைச்சது யாரு, அந்தப் பிள்ளைதானே?' என்று கேட்பார். அவர் அப்படித்தான்.

"சார், கண்டுபிடிச்சுட்டேன். சாமி விளக்கு சுவிட்ச். வாட்ச்மேன் மதியம் அணைக்கிறாரு. கன்வெர்ட்டர் அந்த லைன்ல இருக்கு."

"அதைப் போயி அங்கே போட்டது எவன்?"

"நான்தான் சார்."

"எப்போ?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லை சார்."

அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் அதுதான் முதலில் வரும். வந்தது. எனக்குப் பாதி புரிந்தது, புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. முடித்ததும் நான் சொன்னேன்: "அந்தப் பிள்ளை மேல ஒரு தப்பும் இல்லை சார். என் பேப்பர்தான் தப்பான ஆளைக் காட்டிருச்சு."

"பேப்பர் எங்க காட்டுச்சு? நான் சொன்னேன், நீ ஆமான்னே. சரி. அவ திங்கக்கிழமையும் வழக்கம்போல வரட்டும். நீ நாளைக்கு வந்து என்னைப் பாரு" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் என்னை அனுப்பிவிடுவார் என்று நினைத்துத்தான் போனேன். டூல் பையைக்கூடத் துடைத்து ஒப்படைக்கத் தயாராக வைத்திருந்தேன். அவர் ஒரு நீள நோட்டைத் தள்ளினார். "ரெண்டு இடத்துலயும் எந்தப் ப்ளக்கு எங்க இருக்குன்னு எழுது. நீ செத்துப்போனா இன்னொருத்தன் வந்து பார்க்கணும்." எழுத்து எனக்கு வராத வேலை. மூன்று வாரம் எழுதினேன். எழுத எழுத, நான் மட்டுமே அறிந்த ப்ளக்குகள் எத்தனை இருக்கின்றன என்று பார்த்து மலைப்பாக இருந்தது.

வாட்ச்மேன் இப்போதும் மதியம் நடை சாத்துகிறார். முதலாளியின் அம்மாவுக்கு விஷயம் போனது. சாமி தூங்கட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். யு.பி.எஸ். பக்கம் இப்போது எவனும் சார்ஜரைக் கொண்டுபோக முடியாது. அவள் விடமாட்டாள். "ஏலே, அங்கிட்டுப் போ, கைய ஒடிச்சிருவேன்" என்று அவள் யாரையோ விரட்டுவது போனில் சில சமயம் எனக்கே கேட்கும்.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. முன்பெல்லாம் போனை எடுத்ததும், "அண்ணே, போயிருச்சுண்ணே" என்பாள். இப்போது பிரின்டரில் தாள் சிக்கினாலும், மவுஸ் நகராவிட்டாலும், முதல் வார்த்தை வேறு.

"அண்ணே, நான் எதையும் தொடலை" என்கிறாள். அதற்குப் பிறகுதான் என்ன கோளாறு என்று சொல்கிறாள்.

"தெரியும்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். அடுத்த தடவையும் அதையே சொல்லித்தான் ஆரம்பிக்கிறாள்.